செங்கோடன் வரிசை

நாள் 288. காலை 07:20. ஆய்வகம்.

இன்குபேட்டர் 37 டிகிரி. கார்பன் டை ஆக்ஸைடு ஐந்து சதவீதம். தண்ணீர்த் தொட்டி பாதிக்குக் கொஞ்சம் மேல். பசுமைக் குடிலில் கொழிஞ்சி பூத்திருக்கிறது. நெல் நடுவதற்கு முன் வயலில் மடக்கி உழுவார்களே, அதே கொழிஞ்சி. செவ்வாய் மண்ணில் தழைச்சத்து ஏற்றக் கொண்டுவந்தோம். அதன் வேரிலிருந்து பிரித்த பதினோராவது பொருளுக்கு கொ-11 என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தக் குறிப்பை எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் மு. பேச்சியம்மாள். செல் உயிரியல் படித்தவள். இந்தக் கிரகத்தில் மூன்று பேர் இருக்கிறோம். கேப்டன் யாஸ்மினும் செங்கோடன் அண்ணனும் நூற்று எண்பது கிலோமீட்டர் வடக்கே பனிமுகாமில் இருக்கிறார்கள். நிலத்தடிப் பனியைத் துளைத்துத் தண்ணீர் எடுப்பது அண்ணனின் வேலை. திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரியில் ஆரம்பித்தவர். ஆய்வகத்தில் நான் மட்டும்.

அண்ணனுக்கு புராஸ்டேட் புற்றுநோய். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே அறுக்க முடியாது, கதிர்வீச்சுக் கருவி கிடையாது, இருந்த ஹார்மோன் ஊசி கேட்கவில்லை. அடுத்த கப்பல் வர இன்னும் பதினான்கு மாதம். கேப்டன் ஊசியால் எடுத்துக் கொடுத்த திசுத் துணுக்கிலிருந்து அவருடைய புற்றுச் செல்களைக் குப்பியில் வளர்க்கிறேன். குப்பியின் மேல் 'செங்கோடன் வரிசை' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்துக் குப்பியில் 'தர வரிசை'. அது பூமியிலிருந்து உறைய வைத்துக் கொண்டுவந்தது. எப்போதோ இறந்துபோன ஒரு நோயாளியுடையது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வகங்களில் வைத்திருப்பார்கள். முரட்டுத்தனமாக வளரும்.

கொ-11 அடைத்த கேப்சூல்கள் ஒரு பெட்டி நிறைய அண்ணனிடம் இருக்கின்றன. சோதனை எலிகளுக்கு அதனால் தீங்கு எதுவும் வரவில்லை. அவருடைய புற்றைக் கொல்லுமா என்பதுதான் கேள்வி. என் குப்பி பதில் சொல்லும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்று பூமியிலிருந்து பேராசிரியர் தேவசிகாமணி சொல்லியிருக்கிறார்.

இன்று இரண்டு வரிசைக்கும் மருந்து போட்டேன்.

நாள் 288. மாலை 19:40.

வாராந்தரக் கேள்விகளை முகாமுக்கு எழுத்தாக அனுப்பினேன். இரவில் எத்தனை முறை எழுந்து போகிறார், எரிச்சல் உண்டா, ரத்தம் உண்டா. அப்பா வயதுள்ளவரிடம் இதை வாயால் கேட்க எனக்கு வரவில்லை. பதில் குரலில் வந்தது.

"அம்மிணி, ராத்திரிக்கு நாலு வாட்டி எந்திரிக்கறேன். எரியுது. ரத்தமில்ல. இடுப்புல வலி மட்டும் விடாம இருக்குது. இதக் கேக்கறதுக்கு எதுக்குக் காயிதம் போடறே? பேருதான் பேச்சி, வாயத் தொறந்து ஒரு பேச்சக் காணோம். கேப்டனம்மா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருக்குது. அதுக்கும் வெக்கமில்ல, எனக்கும் வெக்கமில்ல. பாக்கி மொத்தத்தையும் நீயே வெச்சிருக்கறே."

பின்னால் கேப்டன் சிரிப்பது கேட்டது.

நாள் 291. இரவு 20:30.

எண்ணி முடித்தேன். மருந்து போட்ட செங்கோடன் வரிசையில் பத்துக்கு எட்டு செல் செத்துக் கிடக்கிறது. போடாத குப்பிகளில் எல்லாம் நலம். தர வரிசையிலும் இதே முடிவு. இரண்டின் வரைகோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. கை தவறிவிட்டதோ என்று திரும்ப வரைந்தேன். அப்படியேதான் விழுந்தன.

பூமிக்கு அனுப்பினேன். பிற்பகலில் பேராசிரியரிடமிருந்து பதில்:

"பேச்சியம்மாள், இவ்வளவு சுத்தமான முடிவை நான் பார்த்ததில்லை. மருந்தைத் தொடங்கலாம். கட்டுரைக்கு இப்போதே குறிப்பெடுத்து வையுங்கள்."

இரண்டு பேரின் புற்று ஒரே மாதிரி சாகுமா என்று கேட்க நினைத்தேன். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி இருந்தது. கேட்கவில்லை.

முகாமை அழைத்தேன். இந்த முறை வாயாலேயே சொன்னேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று. கூடவே இன்னும் சில விஷயங்கள் விளக்கினேன். இத்தனை நேரம் நான் வானொலியில் பேசியது இதுதான் முதல் தடவை.

"போட்டாச்சு அம்மிணி. தண்ணி நானே எடுத்த தண்ணி. கசப்பா கசப்பு, பல்லுல பட்டு ஒடஞ்சுட்டுது."

நாள் 293. 14:15.

தூசிப் புயல். சூரியன் செப்புக் காசு மாதிரி தெரிகிறது. தூசியில் ஏறிய மின்சாரம் அனுப்பும் கருவியைப் பொசுக்கிவிட்டது. உள்ளே கருகிய வாடை. மாற்று உதிரிப் பெட்டி முகாமில் இருக்கிறது. கேட்கும் கருவி தனி. அது நன்றாக இருக்கிறது. பூமியைக் கேட்கலாம், முகாமைக் கேட்கலாம். யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. முகாமுக்குப் பூமியோடு நேர்த் தொடர்பு இல்லை, எல்லாமே ஆய்வகம் வழியாகத்தான். புயல் அடங்கும்வரை ரோவரும் ஓடாது.

பெரிய கவலை இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

நாள் 295. காலை 08:00.

செல்களுக்கு உணவு மாற்றும் நாள். செங்கோடன் வரிசை அதற்குள் குப்பியை நிறைத்துவிட்டது. ஆரம்பத்தில் நிறைய இரண்டு வாரம் எடுத்தது. நுண்ணோக்கியில் முன்பு திராட்சைக் கொத்து போல ஒட்டிக்கொண்டு கிடக்கும். இப்போது தனித்தனியாக, தட்டையாக, நீட்டி நீட்டிப் படுத்திருக்கின்றன. தர வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எந்தக் குப்பி என்று லேபிளைத் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு சோதனை போட்டிருக்கிறேன். ஆணின் செல்லில் ஒய் குரோமோசோம் இருக்கும். தர வரிசையில் இருக்காது. அதுவும் ஓர் ஆணிடமிருந்து வந்ததுதான், ஆனால் வருடக்கணக்காகக் குப்பியில் வளர்ந்து அதைத் தொலைத்துவிட்டது.

நாள் 296. காலை 06:30.

செங்கோடன் வரிசையில் ஒய் இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை. குளிர்ப்பெட்டியில் இருந்த அவருடைய ரத்தத்தில் பார்த்தேன். அதில் இருக்கிறது.

குப்பியில் வளர்வது அவர் இல்லை.

எப்படி என்று யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை. செல்லுக்கு ஊற்றும் ஊட்டநீர் சிவப்பாக ஒரு பாட்டிலில் இருக்கும். எங்கள் அரசுக் கல்லூரியில் வகுப்பு மொத்தத்துக்கும் பருவம் முழுவதற்கும் ஒரே பாட்டில். பிப்பெட்டில் எடுத்ததைக் குப்பியில் ஊற்றியது போக மிச்சம் இருந்தால், அதைத் திரும்பவும் பாட்டிலிலேயே விட வேண்டும். தொட்டியில் ஊற்றினால் உதவியாளர் ராக்கப்பன் எல்லார் முன்னாலும் கேட்பார்: "இது என்ன கழனித் தண்ணியாம்மா, கீழ ஊத்துறதுக்கு?" எங்களில் யாரும் அதற்குப் பிறகு ஒரு சொட்டு வீணாக்கியதில்லை. அங்கே இருந்தது ஒரே ஒரு செல் வரிசை. அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. இங்கே இரண்டு.

இங்கும் அப்படித்தான் செய்துவந்தேன். தர வரிசைக் குப்பியில் பட்ட பிப்பெட் முனையோடு மிச்சத்தைப் பாட்டிலில் விட்டிருக்கிறேன். அதே பாட்டிலிலிருந்து அவருடைய குப்பிக்கு ஊற்றியிருக்கிறேன். பத்து செல் போதும். அவை வேகமானவை. அவருடையவை மெதுவானவை. கொஞ்சம் கொஞ்சமாக இடம் போய்விட்டது.

கொ-11 கொன்றது முன்பே இறந்துபோன ஒருவரின் புற்றை. செங்கோடன் அண்ணனின் செல்லை அந்த மருந்து பார்க்கவே இல்லை. என் பேச்சைக் கேட்டு அவர் அதை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. எரியாது என்று தெரியும்.

நாள் 296. மாலை 19:40.

"ஆய்வகம், முகாம். நீ கேக்கறியான்னு தெரியல. கேக்கறேன்னே வெச்சுக்கறேன். வலி நெம்பக் கொறஞ்சிருக்குது அம்மிணி. நேத்து ரிக்குக்குப் பக்கத்துல ரெண்டு ஷிப்டு நின்னேன். கேப்டனம்மா திட்டிட்டே பின்னால வருது. நீ தின்னயா, தூங்குனயான்னு அது கேக்கச் சொல்லுது."

சாப்பிட்டேன். தூங்கவில்லை.

நாள் 297. 09:10.

முதல் வாரத்தில் அவருடைய செல்லை ஒரு சின்னக் குழாயில் உறைய வைத்திருந்தேன். தர வரிசையை அப்போது இன்னும் வெளியே எடுக்கவில்லை. ஒரே ஒரு குழாய்தான். உருக்கினேன். ஒய் இருக்கிறது. இது அவர்தான்.

புதுப் பாட்டில் திறந்தேன். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினேன். கை தானாகப் பாட்டில் பக்கம் போயிற்று. பிடித்து நிறுத்தினேன்.

மருந்து கேட்டுவிடலாம். இரண்டு பேரின் புற்றும் ஒரே மருந்துக்குச் சாகலாம். அப்படியானால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

நாள் 300. 16:20.

பூமியிலிருந்து பேராசிரியர்: "பேச்சியம்மாள், உங்கள் கருவி பழுது என்று புரிந்துகொள்கிறோம். கவலைப்பட வேண்டாம். உங்கள் வரைபடத்தைக் குழுவில் காட்டினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்."

அண்ணனின் செல்கள் குப்பியில் ஒட்டிக்கொண்டுவிட்டன. கொத்துக் கொத்தாக. இன்று மருந்து போட்டேன்.

நாள் 303. மாலை 19:40.

முகாமில் விரல் நுனி ரத்தத்தில் பிஎஸ்ஏ பார்க்கும் கருவி இருக்கிறது. புராஸ்டேட் புற்று வளர்ந்தால் அந்த எண் ஏறும்.

"அம்மிணி, ரத்தம் பாத்தோம். முப்பத்தெட்டு இருந்தது இப்ப அறுபத்தொண்ணு. கேப்டனம்மா மொகம் செத்துப்போச்சு. நாந்தான் சொன்னேன், பயப்படாதீங்க, புள்ள அன்னிக்கே தெளிவாச் சொல்லுச்சு, செல்லு செத்து ஒடையறப்ப மொதல்ல எண்ணு ஏறும், அப்பறந்தான் எறங்கும்னு. நீ சொன்ன மாதிரியே ஏறுது."

சொன்னேன். மருந்தைத் தொடங்கச் சொன்ன அன்று நானே விளக்கியது. சில சமயம் அப்படி ஏறும், புத்தகத்தில் இருக்கிறது. அவர் பயந்து நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக இரண்டு முறை சொன்னேன்.

கேட்கும் கருவியின் முன்னால் உட்கார்ந்து, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டேன்.

நாள் 306. 10:30.

எண்ணினேன்.

மருந்து போடாத குப்பிகளைவிட கொ-11 போட்ட குப்பிகளில் செல்கள் அதிகம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. செத்தவை மிகக் குறைவு. கொத்துகள் பெரிதாகியிருக்கின்றன, ஓரங்கள் பளபளவென்று இருக்கின்றன. நல்ல ஆரோக்கியம்.

அவருடைய புற்றை இந்த மருந்து வளர்க்கிறது.

இரண்டு வரைகோடுகளையும் ஒரே தாளில் வரைந்தேன். இப்போது ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. தாளை மேசைமேல் வைத்திருக்கிறேன். இதைப் படிப்பவர் அதையும் எடுத்துக்கொள்ளவும்.

நாள் 306. 22:00.

சாமான் கிட்டங்கியில் பழைய பனி-ராடார் ஒன்று கிடக்கிறது. அதன் பெருக்கியைக் கழற்றி அனுப்பும் கருவியில் வைக்கலாமா என்று பார்க்கிறேன். நான் உயிரியல்காரி. வீட்டில் மிக்ஸி பழுதானால்கூடக் கடைக்குத்தான் கொண்டுபோவோம்.

நாள் 307.

பொருந்தவில்லை. செல்களுக்கு உணவு கொடுத்தேன்.

நாள் 308.

முகாம்: "வலியே இல்ல அம்மிணி. எண்ணு எம்பத்தி நாலு. இன்னும் ஏறட்டும், ஏறட்டும்."

அந்தப் பொருள் வலியை மட்டும் மரக்கச் செய்கிறது போலும். பெருக்கியை வேறு விதமாகப் பற்றவைக்கையில் விரலைச் சுட்டுக்கொண்டேன். வலிக்கிறதா என்று பார்த்தேன். தாமதமாக வலித்தது.

நாள் 310. மாலை 17:55.

விளக்கு எரிந்தது. மங்கலாக. பெருக்கி சூடாகிறது, சில நிமிடம்தான் தாங்கும். பூமியா, முகாமா என்று யோசிக்கவில்லை. முகாமைக் கூப்பிட்டேன். பதிவுக் கருவியில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான்: "அண்ணா, பேச்சி. மாத்திரைய நிறுத்திருங்க."

செங்கோடன்: "அட, அம்மிணி உசுரோடத்தான் இருக்குது. கேப்டனம்மா தெனம் துவா பண்ணிட்டு இருந்துது. என்னது, என்ன சொன்னே?"

நான்: "மாத்திரைய நிறுத்துங்க. நான் சோதிச்சது உங்க செல்லே இல்ல. வேற ஆளோடது கலந்துபோச்சு. நான்தான் கலந்துட்டேன்."

இரைச்சல்.

செங்கோடன்: "யாரோடது?"

நான்: "தெரியாது. செத்துப்போனவர்."

செங்கோடன்: "சரி. அந்த மருந்து என்னோடத என்ன பண்ணுது?"

நான்: "வளக்குது."

இரைச்சல். இது நீளமானது.

செங்கோடன்: "பொட்டி நேத்தோட காலியாயிடுச்சு, அம்மிணி. நீ சொன்னயேன்னு ஒரு வேளகூட விடுல."

பெருக்கி அணைந்தது.

நாள் 311. 21:00.

ஆறவிட்டு மறுபடி ஓட்டினேன். பூமிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். இரண்டு வரைபடங்கள், ஒய் சோதனை, பாட்டில், மிச்சம். பேராசிரியரின் பதில் வர மாலையாயிற்று. முதலில் பெருமூச்சுதான் கேட்டது.

"பேச்சியம்மாள், குழுவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அறிக்கையில் 'கலப்பு நிகழ்ந்தது' என்று மட்டும் எழுதுங்கள். யாரால் என்று எழுத வேண்டிய அவசியமில்லை. நீங்கள் சின்னப் பெண். இன்னும் எவ்வளவோ இருக்கிறது."

அறிக்கையில் 'என்னால்' என்று எழுதி அனுப்பினேன். அதனால் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நாள் 313. மாலை 18:10.

புயல் தணிந்துவிட்டது. முகாம் அழைத்தது. குரல் மெலிந்திருக்கிறது. பதிவில் இருந்தபடி:

செங்கோடன்: "மாத்திர நின்னதுல இருந்து வலி திரும்ப வந்துட்டுது. இடுப்பெலும்புக்குள்ள ஆரோ நட்டு முறுக்கறாப்பல. வலி ஊசி போட்டா வலி போகுது, ஆனா தூங்கிடறேன். நான் தூங்குனா ரிக்கு நிக்குது. ரிக்கு நின்னா உங்க ரெண்டு பேருக்கும் தண்ணியில்ல. அந்தக் கசப்பு மாத்திர போட்டப்ப வலியுமில்ல, தூக்கமுமில்ல. இன்னொரு பொட்டி பண்ணி அனுப்பு."

நான்: "அண்ணா, அது உங்கள சீக்கிரம் கொன்னுரும்."

செங்கோடன்: "கப்பலு எப்ப வருது?"

நான்: "பதிமூணு மாசம்."

செங்கோடன்: "மாத்திர போடாம இருந்தா நான் கப்பலப் பாப்பனா?"

நான்: "தெரியல."

செங்கோடன்: "இத்தன நாளா பேசாமயே இருந்தே. இப்பப் பேச ஆரம்பிச்சதும் பொய்யா?"

நான்: "பாக்க மாட்டீங்க, அண்ணா."

செங்கோடன்: "அப்பறமென்ன. கெணறு இன்னும் நாப்பது மீட்டர் எறங்கோணும். எறக்கிக் குடுத்துட்டுப் போறேன். அதுக்கப்பறம் கேப்டனம்மாவே ஓட்டிக்கும், சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். மண்டையில ஏறுறதுதான் கொஞ்சம் லேட்டு."

யாஸ்மின்: "எனக்குக் காது கேக்குது, செங்கோடன். பேச்சி, நாளைக்கு ரோவர்ல கிளம்பறேன். அவர் உடம்பு, அவர் சொல்றார். செஞ்சு வை."

நாள் 314. 05:40.

கொழிஞ்சியைப் பிடுங்கினேன். பூவோடு இருந்தவற்றையும். வேரைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, வடித்து, ஆவியாக்கினேன். மஞ்சளாக இறங்கியது. சென்ற முறையைவிடத் தூய்மையாக வந்திருக்கிறது.

கேப்சூல் நிரப்பினேன். இந்த முறை பெரிய பெட்டி. நாளுக்கு இரண்டு வீதம் எண்ணி அடுக்கினேன்.

நாள் 315. 15:30.

கேப்டன் வந்து போனார். உதிரிப் பெட்டியைக் கொண்டுவந்து கருவியைச் சரிசெய்து கொடுத்தார். தலையில் ஒரு முறை கை வைத்தார். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தார். 'வலிக்கு' என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். அண்ணன் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள் என்றேன்.

நாள் 315. 18:45.

இன்குபேட்டர் 37 டிகிரி. கார்பன் டை ஆக்ஸைடு ஐந்து சதவீதம். தர வரிசையை அழித்துவிட்டேன். செங்கோடன் வரிசை நன்றாக வளர்கிறது. லேபிள் இப்போது சரி.

பெட்டி நான்கு மாதத்துக்கு வரும். கொழிஞ்சி விதைத்து வேர் முற்றவும் நான்கு மாதம் ஆகும். அதனால் இன்றே ஒரு பாத்தி விதைத்தேன். தீரும்போது அடுத்தது தயாராக இருக்கும். அதற்குப் பிந்திய நான்கு மாதத்துக்கு இன்னொரு பாத்தியும் கொத்தி வைத்தேன்.

பிறகு குப்பியில் அவருடைய செல் வளரும் வேகத்தை வைத்து, அவருக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு பாத்தி போதும்.